எங்கள் ஆற்றில் வந்த பேரலை

எனக்கு நீச்சல் தெரியாது. ஆறுகளைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. இந்த இரண்டையும் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திராது. ஆனால் பெண் வீட்டார் எதிரில் இருக்கும்போது “தெரியாது” என்று சொன்ன மாப்பிள்ளை யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

பெண்ணின் பெயர் மைதிலி. ரொறொன்ரோவில் இருந்தாள். மாதக்கணக்கில் தொலைபேசியில் பேசி, அவள் இல்லாவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்ற கட்டத்துக்கு நான் வந்திருந்தேன். அவளுடைய அம்மாவுக்கோ மாப்பிள்ளையை நேரில் பார்க்காமல் சம்மதிக்க மனமில்லை. மைதிலியின் தம்பி கஜனை சிட்னிக்கு, டூங்கபியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவன் திரும்பிப் போய்ச் சொல்வதுதான் முடிவு.

“நாளைக்கு உன்ர காலைக் கழுவப்போற பெடியன். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு” என்று அம்மா எச்சரித்தார். (கல்யாணத்தன்று பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவுவதும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவதும் எங்கள் வழக்கம்.)

முதல் நாள் சும்மாதான் இருந்தேன். மறுநாள் இடியப்பம் சாப்பிடும்போது கஜன் கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஓர் ஆற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினான். கடல் ஏறும் நேரத்தில் தண்ணீர் சுவர்போல எழும்பி, ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து உள்ளே பாயுமாம். ரப்பர் படகில் அந்த அலைமேல் ஏறிப் போவார்களாம். வீடியோவும் காட்டினான். பிறகு மிகவும் பணிவாக, சிட்னியில் இப்படி ஒன்றும் இல்லைத்தானே அண்ணா என்று கேட்டான்.

கோயில் தேர், இடியப்பத்தின் மென்மை, ரோல்ஸின் பருமன் என்று எதிலும் ரொறொன்ரோத் தமிழரிடம் நாங்கள் விட்டுக்கொடுத்ததில்லை. அலையில் மட்டும் எப்படி விடுவது? என் விஞ்ஞான மூளை வேலை செய்தது. இங்கேயும் கடல் இருக்கிறது. ஆறு அதில்தான் போய் விழுகிறது. கடல் ஏறினால் ஆற்றுக்குள் வரத்தானே வேண்டும்?

“இங்கயும் வரும். நாளைக்குக் காட்டுறன்” என்றேன். குசினிக்குள்ளிருந்து அம்மா இருமினார். சளி இருமல் அல்ல.

காலையில் ஒரு ரப்பர் படகு வாங்கினேன். நீச்சல் குளத்தில் மட்டும் பாவிக்கவும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. (எழுதுபவர்களுக்கு வேறு வேலை இல்லை.) நண்பனிடம் மிதவைச் சட்டைகள் இரண்டு இரவல் வாங்கி, கஜன் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே வாங்கிய வெள்ளைச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, நகருக்கு வடக்கே கண்டல் மரங்கள் சூழ்ந்த ஒரு கடல்வாய்க்காலுக்கு அவனைக் கூட்டிப்போனேன்.

தண்ணீர் கரை முட்ட நின்றது. கடல் ஏறி முடித்துவிட்டது, இனி இறங்க மட்டுமே போகிறது என்பது அங்கே நின்ற நாரைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். நான் படகை நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, அலைக்காகக் காத்திருந்தேன். அம்மா ஐஸ்கிரீம் டப்பாவில் கட்டித்தந்த ரோல்ஸை இருவரும் சாப்பிட்டோம். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. பெரிய அலைக்கு முன்னால் அப்படித்தான் கொஞ்சம் இறங்கும் என்று விளக்கினேன். அது கொஞ்சமாக இறங்கவில்லை. சற்று நேரத்தில் எங்கள் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

தள்ளிவிடலாம் என்று வீரமாகக் காலை வெளியே வைத்தேன். தொடை வரை புதைந்தேன். இழுத்தபோது கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. மற்றக் காலும் அதே வழியில் போனது. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், பின்னேரம் தண்ணீர் வரும், அதுவரை அசையாமல் இருங்கள் என்று கத்திச் சொல்லிவிட்டு மீன் பிடிப்பதைத் தொடர்ந்தார். கஜன் கைபேசியை எடுத்து என்னை வீடியோ பிடித்து, அக்காவுக்கு அனுப்பினான். அதோடு என் கல்யாணம் முடிந்தது என்றே நினைத்தேன். அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கையைப் பார்த்தால் கையெல்லாம் சேறு.

பின்னேரம் அலையும் வந்தது. இரண்டு விரல் உயரம். முன்னால் கொஞ்சம் நுரையும் ஒரு வெறும் போத்தலும். கஜன் படகுக்குள் எழுந்து நின்று கைகூப்பினான்.

“அண்ணா, அலை வந்திட்டுது.”

ஒருவாறு கரையேறினோம். படகுத்துறைக் குழாயடியில் நான் நின்ற கோலத்தை விவரிக்க மாட்டேன். குனிய முடியாமல் இடுப்புப் பிடித்துக்கொண்டது. கஜன் கைபேசியைப் பார்த்தான். அக்கா பதில் போட்டிருக்கிறாள் என்றான். வாசிக்க வேண்டாம் என்றேன். வாசித்தான்.

“அம்மாட்ட ஓம் எண்டு சொல்லு. இனி இவரிட்ட ஒளிக்க ஒண்டும் மிச்சமில்லை.”

எனக்கு அது விளங்குவதற்குள் அவன் குந்தியிருந்து என் காலைக் கழுவத் தொடங்கிவிட்டான். சேறு போகப் போக விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

“கலியாணத்தில கழுவவேண்டிய கால். இப்பவே கழுவுறன் அத்தான். மோதிரத்தை மறந்திடாதேங்கோ.”

வந்த நாளிலிருந்து அவனுக்கு நான் அண்ணா. அத்தான் ஆனது அந்தக் குழாயடியில்தான்.

கல்யாணம் சிட்னியிலேயே நடந்தது. மண்டப வாசலில் கஜன் என் காலைக் கழுவினான். விரல் இடுக்குகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தான். மோதிரத்தைப் போட்டுவிட்டேன். அவன் எழும்பவில்லை. மற்றக் கையையும் நீட்டினான். ஐயர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். விருந்தினருக்குப் பின்னால் அம்மா இருமினார். அதே இருமல். மைதிலி சிரித்தபடியே தன் விரலிலிருந்து ஒன்றைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

கஜன் இன்றைக்கும் இரண்டையும் போட்டிருக்கிறான், மைதிலியுடையது சுண்டுவிரலில். எந்த வீட்டு விசேஷத்தில் யார் கேட்டாலும் வலக்கையைக் காட்டி “இது கலியாண வீட்டில கால் கழுவினதுக்கு” என்பான். பிறகு இடக்கையைக் காட்டி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இது ஆத்தங்கரையில” என்பான்.