சிவப்புச் சாக்பீஸும் ஒன்பது வாசற்படிகளும்

நடப்பதற்கு ஏற்ற தெரு எது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நடக்கவே நடக்காத ஒருவனிடம் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த நடக்காதவன் நான்தான். சென்னையில் இருந்த பதினாறு வருடமும் தெருமுனைப் பெட்டிக்கடைக்குக்கூட வண்டியை எடுத்தவன். (நான் வண்டியை வெளியே எடுக்கிற நேரத்தில் நடந்தே போய்த் திரும்பிவிடலாம் என்று மல்லிகா சொல்வாள். அவள் சொல்வது சரிதான். அதனால்தான் எனக்குக் கோபம் வரும்.)

மல்லிகா என் மனைவி. கல்வராயன் மலைமேல் கரியாலூர்க்காரி. மலையேறி இறங்கிப் பள்ளிக்கூடம் போனவள். கல்யாணமான புதிதில் அவளோடு அருவிக்குப் போனபோது, நான் பாதி வழியில் பாறையில் படுத்துவிட, அவள் மட்டும் போய் நன்றாகக் குளித்து, தலையைத் துவட்டியபடி திரும்பி வந்து என்னை எழுப்பினாள்.

அப்பேர்ப்பட்டவளைச் சென்னையில் பால் வாங்கப் போன இடத்தில் ஒரு ஆட்டோ இடித்துத் தள்ளியது. வலது கணுக்காலில் பிளேட் வைத்தார்கள். எலும்பு சேர்ந்தது, பயம் போகவில்லை. ரோட்டைப் பார்த்தாலே என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள். ஆறு மாதம் தனியாக வாசலைத் தாண்டவில்லை. அந்த ஆறு மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவும் இல்லை. எனக்கு அது தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் வேலை பார்க்கும் விதைக் கம்பெனி என்னைக் கள்ளக்குறிச்சிக்கு மாற்றியது. மல்லிகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் தனியா நடந்து போயி பால் வாங்கினு வரணும். அந்த மாதிரி எடமா பாருங்க. வேற ஒண்ணும் வாணாம்."

அவளும் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் யாழினியும் கரியாலூரில் மாமனார் வீட்டில் தங்கினார்கள். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு லாட்ஜில் அறை எடுத்து வீடு தேடும் வேலையில் இறங்கினேன்.

மூளையுள்ளவன் என்றால் ஆபீசில் நாலு பேரிடம் விசாரித்திருப்பான். நான் போனில் கட்டுரை படித்தேன். 'புது ஊருக்குக் குடிபோகிறீர்களா? பழமையான, பாதுகாப்பான, நடக்க ஏற்ற குடியிருப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?' எழுதியவர் எந்தத் தேசத்துக்காரரோ தெரியாது. படத்தில் நடைபாதை நெடுகப் பூந்தொட்டிகள் இருந்தன, பெஞ்சுகள் இருந்தன, ஒரு நாய்கூட இல்லை. தெருவை நேரில் போய் நடந்து பாருங்கள், நடைபாதையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், இடையிடையே உட்கார இடம் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள், அங்கே குடியிருப்பவர்களிடம் பேசுங்கள், ஆனால் வாடகைக்கு வருகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். இப்படி அடுக்கியிருந்தார். நான் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பத்தாம் வகுப்புப் பாடத்தைக்கூட நான் இவ்வளவு பக்தியாகப் படித்ததில்லை.

பழமை என்றால் கோட்டை, கோட்டை என்றால் தியாகதுருகம் என்று முடிவு செய்தேன். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். கோட்டை மலைக்குக் கீழே ஒரு பழைய தெரு, அதில் ஒரு வெள்ளை வீடு காலியாக இருக்கிறது என்று அங்கே டீக்கடையில் சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை கிளம்பிப் போனேன். நல்ல அபிப்பிராயம் வர வேண்டும் என்று சட்டையை இன் பண்ணி, கருப்பு ஷூ போட்டு, ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தேன். கையில் ஃபைல். பாக்கெட்டில் அளவு டேப். இன்னொரு பாக்கெட்டில், என் பைக்குள் எப்படியோ வந்து சேர்ந்திருந்த யாழினியின் சிவப்புச் சாக்பீஸ்.

தெருவில் நடைபாதை என்று ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் வீடுகள், சாக்கடை. சாக்கடைக்கு மேல் ஒவ்வொரு வீட்டுக்கும் படிக்கட்டு. வீடுகள் எல்லாம் உயரமாகக் கட்டியவை. அதனால் படிகளும் தாராளமாகத் தெருவுக்குள் நீண்டிருந்தன. படிக்கு மேல் தகரக் கூரை, அதற்குக் கீழே தண்ணீர்க் குடம், துணி துவைக்கிற கல். மிச்சம் இருந்த இடத்தில் ஒரு மாடு படுத்திருந்தது.

நான் மனம் தளரவில்லை. படி இந்தப் பக்கம், படி அந்தப் பக்கம், நடுவில் எவ்வளவு என்று டேப்பைப் பிடித்து அளந்து எழுதினேன். பிறகு ஒரு யோசனை வந்தது. மல்லிகாவால் ஐம்பது அறுபது அடிக்கு மேல் ஒரே மூச்சில் நடக்க முடியாது. பெஞ்சு இல்லாவிட்டால் என்ன, படி இருக்கிறதே. பால் பூத்திலிருந்து அந்த வெள்ளை வீடு வரைக்கும், அவள் உட்கார வாகான படி எது எது என்று பார்த்து, நிழலாக, உயரம் சரியாக இருந்த ஒன்பது படிகளில் சிவப்புச் சாக்பீஸால் பெரிய பெருக்கல்குறி போட்டேன். மறுநாள் அவளை அழைத்து வந்து காட்டும்போது ஆச்சரியப்படுவாள் என்று எனக்குள் ஒரே பூரிப்பு.

இரண்டாவது குறி போட்டு நிமிர்ந்தபோதே தெருவின் அன்பு பொங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். நாலாவது குறிக்கு நுங்கு வந்தது. தையல்கடை மணி அண்ணன் மெஷினை விட்டு எழுந்து வந்து, தன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க சார். வெயில்ல நின்னுகினே எழுதறீங்களே" என்றார். 'மக்கள்: அருமை' என்று தாளில் எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து முகம் வாடியதை, படிக்கக் கண்ணாடி இல்லாததால் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளை வீட்டின் சொந்தக்காரர் பட்டம்மா அக்கா. அதை ஒட்டிய வீட்டில்தான் குடியிருந்தார். வெள்ளை வீட்டுக்கு மூன்று படி, மூன்றும் பளபளவென்று கிரானைட். அதில் ஒன்பதாவது குறியைப் போட்டதும் ஓடி வந்தார்.

"சார், போன மாசம்தான் போட்டது சார் இந்தக் கல்லு. கொஞ்சம் பாத்து பண்ணுங்க சார்."

"ரொம்ப நல்லா இருக்குதுங்க. அதனாலதான் குறி போட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்ததை அன்று நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"மேல இருந்து எப்ப சார் வருவாங்க?"

மல்லிகா மலையிலிருந்து வருவது இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்துடுவாங்க. அவங்க பாத்து முடிவு பண்றதுதான். என் கையில ஒண்ணுமே இல்லீங்க" என்றேன். (மனைவியை வெளியாட்களிடம் 'அவங்க' என்றுதான் சொல்வேன். மரியாதையா பயமா என்று கேட்காதீர்கள்.)

பட்டம்மா அக்கா உள்ளே போய் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தூக்கி வந்து என் கையில் வைத்தார். "பசங்களுக்குக் குடுங்க சார்." வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லலாம் அல்லவா? 'அக்கம்பக்கம்: பத்துக்குப் பத்து' என்று எழுதிவிட்டுப் பலாப்பழத்தோடு பஸ் ஏறினேன். லாட்ஜில் நானும் மேனேஜருமாக அதை உரித்துத் தீர்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மல்லிகாவும் யாழினியும் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். தியாகதுருகத்தில் இறங்கியதும் ஆட்டோவைப் பார்த்து மல்லிகா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஆட்டோ எதுக்கு? நடந்தே போலாம். வழி நெடுக உக்கார எடம் பாத்து வெச்சிருக்கேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

பால் பூத்தைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பினோம். திரும்பியதும் வழி தவறிவிட்டேனோ என்று நினைத்தேன். தெரு அகலமாகிவிட்டிருந்தது. தகரக் கூரைகள் இல்லை, துவைக்கிற கல் இல்லை, மாட்டைக் காணோம். முக்கியமாக, படிகளைக் காணோம். கதவுகள் எல்லாம் இடுப்பு உயரத்தில் அந்தரத்தில் நின்றன. ஒவ்வொரு கதவிலும் குடும்பத்தோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அண்ணன் ஏணி வைத்துத் தன் வீட்டுக்குள்ளிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். சுவரோரம் செங்கல்லும் கிரானைட்டும் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அடுக்கின் உச்சியில் ஒரு கல், அதில் என் சிவப்புப் பெருக்கல்குறி.

"அப்பா, இது என் சாக்பீஸ் கலர்" என்றாள் யாழினி.

மல்லிகாவுக்கு அதற்குள் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. "உக்காரணுங்க. எங்க அந்த எடம்?" என்றாள் மெதுவாக.

பட்டம்மா அக்கா வேகமாக வந்து மல்லிகாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "வாங்கம்மா. நேத்து சாயங்காலமே எல்லாத்தையும் நாங்களே எடுத்துட்டோம்மா. குறி போடாத வூட்டுலகூட எடுத்துட்டாங்க. ஜேசிபி மட்டும் வாணாம்மா. அது வந்தா படியோட செவுரும் பூடும். நாங்களே எடுத்தா கல்லாவது மிஞ்சுமில்ல."

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் கோட்டையைப் பார்த்தேன். புது மாவட்டம் ஆன பிறகு எங்கே பார்த்தாலும் ரோடு அகலப்படுத்தும் பேச்சு. எங்கே எதை இடிக்கப் போகிறார்களோ அங்கே முதலில் ஒருவர் டேப்போடு வந்து சிவப்புக் குறி போடுவார். இது தமிழ்நாட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். டேப்பும் ஃபைலும் சிவப்புச் சாக்பீஸுமாக வெயிலில் நின்றிருந்த நேரத்தில் மட்டும் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

"நான் சர்வே ஆபீஸ் இல்லீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "வாடகைக்கு வூடு பாக்க வந்தேன்."

மணி அண்ணன் ஏணியின் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். "இன்னா சொன்ன?" அதுவரை இருந்த சார், வாங்க, உட்காருங்க எல்லாம் அந்த ஒரு நொடியில் தெருவை விட்டே போய்விட்டன. "வாடகைக்கு வூடு பாக்க வந்தவன் எதுக்குய்யா குறி போட்ட? ஒம்போது வூட்டு வாசல்ல போட்டுக்கினு போயிருக்கற!"

"பலாப்பழத்த இன்னா பண்ண?" என்றார் பட்டம்மா அக்கா.

"சாப்ட்டுட்டேங்க."

கதவுகளிலிருந்து எல்லோரும் தொப் தொப்பென்று குதித்து இறங்கினார்கள். அடி விழும் என்றே நினைத்தேன். விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டுதான் இருந்திருப்பேன். எனக்கு வருத்தம் அதுவல்ல. மல்லிகா ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்தபடி நின்றாள். இவள் இனி எந்தத் தெருவிலும் நடக்க மாட்டாள், அதற்கும் நானே காரணமாகிவிட்டேன் என்று தோன்றியபோது அழுகையே வந்துவிட்டது.

"அவங்க கேக்கறாங்க இல்ல? எதுக்கு அந்தக் குறி? சொல்லுங்க" என்றாள் அவள்.

"நீ உக்கார்றதுக்குத்தான். அம்பது அடிக்கு ஒண்ணு. கால் வலிச்சா உக்காந்துட்டுப் போலாம்னு."

பட்டம்மா அக்கா முதல்முறையாக மல்லிகாவின் காலைப் பார்த்தார். கணுக்கால் தழும்பையும் வீக்கத்தையும் பார்த்தார். விறுவிறுவென்று போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தெரு நடுவில் போட்டார்.

"நீ மொதல்ல உக்காரும்மா. இந்த ஆளை அப்பறம் பாத்துக்கலாம்."

மல்லிகா உட்கார்ந்தாள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, அந்தரத்தில் நின்ற கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏணியைப் பார்த்தாள். கடைசியில் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு முடியாமல், கண்ணில் தண்ணீர் வழிய, நாற்காலி ஆட ஆடச் சிரித்தாள். அதைப் பார்த்து பட்டம்மா அக்கா சிரித்தார். பிறகு மணி அண்ணன். அவருடைய சிரிப்பில் கொஞ்சம் கோபம் பாக்கி இருந்தது.

ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அவமானம் எல்லாம் எனக்கு அப்போது மறந்தே போனது.

"வூட்டப் பாக்கணுமா வாணாமா?" என்றார் பட்டம்மா அக்கா. ஒரு உரலைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு பெண்கள் மேலேயிருந்து கை கொடுத்து மல்லிகாவை உள்ளே ஏற்றினார்கள். (என்னை யாரும் ஏற்றவில்லை. நான் வயிறு தேய எம்பி ஏறினேன்.) அறைகளைப் பார்ப்பதற்கு முன்பே மல்லிகா சொல்லிவிட்டாள். "இந்த வூடே போதுங்க. விழுந்தா தூக்க ஆளு இருக்குது."

பட்டம்மா அக்கா ஒரே நிபந்தனை போட்டார். வீடு தருவார், ஆனால் படிகளைக் கட்டி முடிக்கும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் கொத்தனாருக்குச் சித்தாள். மண் சலித்தேன், கல் சுமந்தேன், திட்டு வாங்கினேன். தெரு அகலமானதும் ஆம்புலன்ஸே உள்ளே வரும்போல இருக்கிறதே என்று பேச்சு வந்தது. அதனால் புதுப் படிகளை நீட்டாமல் சுவரோரமாகவே கட்டினோம். எங்கள் வீட்டு முதல் படியை மட்டும் நானே கட்டுகிறேன் என்று வீம்பாகக் கட்டினேன். அது இன்றைக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. விருந்தாளிகள் தடுமாறினால் யாழினி உள்ளேயிருந்தே, "அப்பா கட்டுன படி, பாத்து வாங்க" என்று குரல் கொடுப்பாள்.

தெருவில் எனக்குப் பெயர் 'அளவுக்காரரு'. நான் ஆபீஸ் ஃபைலோடு வெளியே வந்தால் போதும், மணி அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு, "பட்டம்மாக்கா, கல்லை உள்ள எடுத்து வை, அளவுக்காரரு வராரு" என்று கத்துவார். பழைய குறி இருந்த ஒன்பது வீட்டிலும், சிமெண்ட் காய்வதற்குள் பட்டம்மா அக்கா தன் விரலாலேயே ஒரு பெருக்கல்குறி இழுத்து வைத்தார். மல்லிகா உட்காருவதற்கு.

ஆனால் அவள் இப்போது எங்கும் உட்காருவதில்லை. காலையில் பால் தூக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் பால் பூத் வரைக்கும் போய், நாலு பேரிடம் கதை பேசிவிட்டு வருகிறாள். டாக்டர் என்னை நடக்கச் சொன்னதால் நானும் பின்னாலேயே போகிறேன். ஒன்பது படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து வருவது நான்தான்.