வென்றால் யாழ்ப்பாணம்

போன பங்குனியில் நான் ஒரு பெரிய முடிவு எடுத்தேன். புங்குடுதீவை விட்டு யாழ்ப்பாணம் டவுனுக்குக் குடிபோவது என்று. முடிவெடுக்க ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. அதைக் கோபிகாவிடம் சொல்லத் துணிவு வரச் சித்திரை முழுவதும் போய்விட்டது.

கோபிகா என் மனைவி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். நான் வேலணையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர். ஒரே மகள் மட்டக்களப்பில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சில ஆடுகளும்தான். வாக்கெடுப்பு வைத்தால் நான் கட்டாயம் தோற்பேன். ஆடுகள் அவளுடைய கட்சி.

சொல்வதற்குக் காரணங்கள் தயாராக இருந்தன. டவுனில் நல்ல தண்ணி. ஆஸ்பத்திரி கிட்ட. எங்கள் ஒழுங்கையில் முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் ரொறன்ரோவிலும் பாரிசிலும். அந்தரம் ஆபத்துக்குக் கூப்பிடப் பக்கத்து வளவு அன்னபூரணம் அக்காவை விட்டால் ஆளில்லை. இவையெல்லாம் உண்மையான காரணங்கள். ஒன்றும் என்னுடைய காரணம் இல்லை.

என்னுடைய காரணம் ஒரு கம்பியூட்டர் விளையாட்டு.

அதன் பெயர் இங்கிலிசில் நீளமாக இருக்கும். நான் எனக்குள் 'எல்லைச் சமர்' என்று பெயர் வைத்திருந்தேன். இந்தக் காலத்து யுத்தம். டாங்கி, ஏவுகணை, ஹெலிகொப்டர், ஆளில்லா விமானம் எல்லாவற்றையும் வரைபடத்தில் கட்டம் கட்டமாக நகர்த்தலாம். பகல் முழுக்கச் சீனி மூட்டைக்குத் துண்டெழுதுகிறவன், வீட்டுக்கு வந்து சாரம் மாற்றியவுடன் ஒரு சேனைக்கே தளபதி. அவள் குசினியில் சமையல், நான் அறையில் சமர். அப்படித்தான் எங்கள் மாலைகள் போய்க்கொண்டிருந்தன.

ஆனால் இந்த விளையாட்டு விளையாட்டோடு முடிவதில்லை. விரிவாக்கப் பொதி, விரிவாக்கப் பொதி என்று வந்துகொண்டே இருக்கும். பாலைவனப் பொதி என்றால் புதுப் பாலைவனம். பனிக்காலப் பொதி என்றால் டாங்கிக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ற். "பொதி எண்டால் கழுதை சுமக்கிறதெல்லோ" என்று ஒருநாள் கோபிகா கேட்டாள். அவள் கேட்ட விதத்தில் பொதி எது என்ற சந்தேகம் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கழுதை எது என்பதிலும் இருக்கவில்லை.

எங்கள் வீட்டில் சிக்னல் கிணற்றடியில் மட்டும்தான் நிற்கும். ஒரு பொதியை இறக்கி முடிக்க ஒரு கிழமையாகும். இடையில் கறண்ட் போனால் பாலைவனத்தைத் திரும்ப முதல் மணலிலிருந்து தொடங்க வேண்டும். யாழ்ப்பாணத்திலோ பைபர் லைன். நான் கோபிகாவுக்குச் சொல்லாமல் கொழும்புத்துறையில் யாகப்பு அண்ணை என்பவரின் சின்ன வீடொன்றை வாடகைக்குப் பேசி வைத்துவிட்டேன்.

அவளிடம் சொன்னபோது அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தண்ணியில் தொடங்கி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேன். அவள் செதிளெல்லாம் சுரண்டி முடித்த பிறகு கேட்டாள்:

"பைபர் லைன் இதிலை எத்தினையாவது காரணம்?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு, அந்த விளையாட்டைத் தனக்கும் ஒருக்கால் காட்டும்படி சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் விளையாடிப் பார்ப்போம், அதிலேயே முடிவு வரட்டும் என்றாள். பந்தயம் என்னவென்று நானே சொல்ல வேண்டுமாம்.

எனக்கு அவள்மேல் இரக்கமே வந்தது. வெளியான பொதியெல்லாம் விளையாடித் தீர்த்தவன் நான். அவள் டாங்கியையும் தண்ணி பவுசர் லொறியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவள். அந்த நேரம் அன்னபூரணம் அக்கா இரவல் வாங்கின சுளகைத் திருப்பித் தர வந்திருந்தா. அக்காவையும் சாட்சியாக வைத்து, தளபதிக்கு உரிய குரலில் நிபந்தனையைச் சொன்னேன்.

"நான் வென்றால் யாழ்ப்பாணத்துக்குப் போறது. நீர் வென்றால் இஞ்சையே இருக்கிறது. பிறகு கதை மாத்த ஏலாது."

கோபிகா அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். "கேட்டனீங்கள்தானே அக்கா" என்றாள். அக்கா ஓம் என்றா.

ஞாயிற்றுக்கிழமை காலை சமர் தொடங்கியது. தீவுகள் பொதியில் ஒரு வரைபடத்தை எடுத்தேன். ஒரு பெரிய தீவு, கரையோடு இணைக்கிற ஒரு பாலம், நாலைந்து ஊர்கள், ஒரு இறங்குதுறை. காக்கும் படை அவளுக்கு, பிடிக்கும் படை எனக்கு. ஒரே கம்பியூட்டர் என்றபடியால் அவள் நகர்த்தும்போது நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்க வேண்டும்.

முதல் நகர்த்தலுக்கே என்னைக் கூப்பிட்டாள். வரைபடத்தில் சாம்பல் நிறமாகத் தெரிகிற கட்டங்கள் என்ன என்று கேட்டாள். அவை ஊர்கள், வீடுகள் என்றேன்.

"வீடுகளுக்குள்ளை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"எங்கை போயிட்டினம்?"

உதவிப் பக்கத்தைத் திறந்து தேடினேன். எரிபொருள் எவ்வளவு மிச்சம், மழை வந்தால் டாங்கி எவ்வளவு புதையும், படையினரின் மனோதிடம் எத்தனை வீதம், எல்லாம் இருந்தது. சனத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இத்தனை வருசம் விளையாடியும் எனக்கு அது தோன்றியதே இல்லை. சமாளிக்க வேண்டும் என்பதற்காக, சனத்தை முதலே அனுப்பியாயிற்று என்று வைத்துக்கொள்ளும்படி சொன்னேன்.

"ஆர் அனுப்பினது? எந்த வள்ளத்திலை?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் விடைக்கு வழி கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

தொண்ணூற்றொன்றில் யுத்தத்துக்குப் பயந்து ஊர் முழுக்க வெளிக்கிட்டபோது அவளுக்குப் பதினொரு வயது. எங்கள் குடும்பம் அப்போது கொழும்பில். அப்பாவுக்கு அங்கே சாப்பாட்டுக்கடை. யுத்தத்தை நான் பேப்பரில் வாசித்தவன். அவள் அதற்குள்ளே இடம் இடமாக மாறித் திரிந்தவள். ஆனால் கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அவள் அதைப் பற்றி என்னோடு கதைத்ததில்லை. அன்றைக்குத்தான், கம்பியூட்டரைப் பார்த்தபடி, கொஞ்சம் சொன்னாள். அவளுடைய அம்மா வீட்டை இரண்டு தரம் பூட்டிப் பார்த்துத் திறப்பை மடிக்குள் செருகினாவாம். கோழிக்கூட்டைத் திறந்துவிட மறந்துவிட்டாவாம். வள்ளம் நடுக்கடலுக்கு வந்த பிறகு அது நினைவு வந்து, அக்கரை சேருமட்டும் கோழிகளைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தாவாம். வள்ளத்தில் இருந்தவர்களுக்கு முதலில் எரிச்சல். பிறகு ஒவ்வொருவராகத் தாங்கள் கட்டி விட்டு வந்த மாட்டை, நாயைச் சொல்லத் தொடங்கிவிட்டார்களாம்.

சொல்லிவிட்டு, "சரி, போய்த் தேத்தண்ணியைக் குடியுங்கோ, நான் நகர்த்த வேணும்" என்றாள்.

திரும்பி வந்து பார்த்தால் முதல் ஊரில் அவளுடைய படை இல்லை. அடுத்த சுற்றில் இரண்டாவது ஊரிலும் இல்லை. எல்லாரையும் வடக்குப் பக்கத்து மணல் வெளிக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தாள். இது என்ன தந்திரம் என்று கேட்டேன். ஊருக்குள் நின்றால் நான் ஊருக்குள்தானே குண்டு போடுவேன் என்றாள்.

ஒரு வெடியும் தீராமல் ஊர் ஊராகப் பிடித்தேன். இறங்குதுறையைப் பிடித்தேன். பாலத்தைப் பிடித்தேன். மத்தியானத்துக்குள் திரையில் 'முழு வெற்றி' என்று பொன்னெழுத்தில் விழுந்தது. வெறும் வீடுகளைச் சுற்றிவளைத்த அந்த வெற்றியில் என்னவோ ஒரு கூச்சம் இருந்தது. ஆனாலும் வெற்றி வெற்றிதான். கோபிகா எழும்பி, கெட்டித்தனமாக விளையாடினதாக என்னைப் பாராட்டிவிட்டு, உலையில் அரிசி போடப் போனாள்.

சாப்பிட்டு ஒரு கண் அயர்ந்து எழும்ப, விறாந்தையில் ஒரு பயணப் பை கட்டி வைத்திருந்தது. திறந்து பார்த்தேன். என் சேட்டு, என் சாரம், என் சவரக் கத்தி. மடிக் கம்பியூட்டரும் ஒரு பழைய சீலையில் பத்திரமாகச் சுற்றியிருந்தது.

"உம்மடை உடுப்பு எங்கை?" என்றேன்.

"நான் ஏன் உடுப்பு அடுக்க வேணும்?"

"நான் வென்றனான் எல்லோ. வென்றால் யாழ்ப்பாணத்துக்குப் போறது எண்டுதானே பேச்சு."

"ஓம், போறது எண்டு சொன்னனீங்கள்தான். ஆர் போறது எண்டு சொல்லேல்லையே. சண்டையிலை வென்ற ஆக்கள்தானே போய் இடத்தைப் பிடிக்கிறவை. தோற்ற நான் ஏன் அங்கை?"

நான் வேலிக்கு மேலால் அன்னபூரணம் அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா நன்றாக யோசித்துவிட்டு, "ஓம் தம்பி, ஆளைச் சொல்லேல்லைத்தான்" என்று தீர்ப்புச் சொன்னா. கதை மாற்ற ஏலாது என்று நான் சொன்னதையும் அக்காவே எடுத்துக் கொடுத்தா.

அந்த இடத்தில் சிரித்துவிட்டுப் பையைத் திரும்ப உள்ளே வைத்திருக்கலாம். என் மானம் விடவில்லை. வென்ற தளபதியாகப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டேன். கோபிகா படலைவரை வந்தாள். அவசரம் என்றால் எடுப்பதற்கு யாகப்பு அண்ணையின் நம்பரை வாங்கிக்கொண்டாள். தனியாகச் சமைக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம் என்றாள்.

கொழும்புத்துறை வீடு வசதியானதுதான். பைபர் லைன் சொன்னபடியே வேலை செய்தது. தேத்தண்ணித் தண்ணி கொதிக்க முதல் ஒரு பொதி முழுதாக இறங்கிவிடும். இரவல் வாங்க ஆள் வராத வீடு. ஆடு கத்தாத வீடு. கடையில் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் வைத்துச் சாப்பிடுவேன்.

பிரச்சினை விளையாட்டில் வந்தது. டாங்கியை நகர்த்தும்போது சாம்பல் கட்டம் வந்தால் கை நிற்கத் தொடங்கிவிட்டது. இந்தக் கட்டத்துக்குள் ஆர், அவர்கள் எப்படி வெளிக்கிட்டார்கள், எதைக் கட்டிவிட்டு மறந்துபோனார்கள் என்று யோசனை வந்துவிடும். ஒரு ஏவுகணையைக் குறிவைத்துவிட்டு அழுத்தாமலே இருந்து சாப்பாட்டை ஆறவிட்டிருக்கிறேன். பிறகு ஊர்களைத் தொடாமல் சுற்றிப் போகத் தொடங்கினேன். ஊரைச் சுற்றிப் போகிற தளபதிக்கு எரிபொருள் காணாது. பாலைவனத்தில் தோற்றேன். பனியில் தோற்றேன். தீவுகள் பொதியில், பாலத்துக்கு இங்காலேயே டாங்கிகள் நின்றுவிட்டன.

வேலை இன்னமும் வேலணையில்தான். ஒவ்வொரு நாளும் காலையில் பஸ் என்னைப் பாதி வழிக்கு வீட்டை நோக்கிக் கொண்டுவந்து விடும். பின்னேரம் சங்கத்துக்கு வெளியே நின்றால் இந்தப் பக்கம் புங்குடுதீவு பஸ், அந்தப் பக்கம் யாழ்ப்பாணம் பஸ். ஊர்ப் பஸ்ஸின் கொண்டக்ரருக்கு என்னைத் தெரியும். அவர் கதவைப் பிடித்தபடி என்னைப் பார்ப்பார். நான் மற்றப் பஸ்ஸில் ஏறுவேன்.

கோபிகா போன் எடுக்காமல் விட்டதில்லை. ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள். மகளுக்குப் பரீட்சை முடிந்ததைச் சொன்னாள். கிணற்றுக் கப்பி கிறீச்சிடுவதைக்கூடப் போனில் கேட்க வைத்தாள். எப்போது வாறியள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஓம் சொல்ல நான் ஆயத்தமாக இருந்தேன்.

கடைசியில் நானே முடிவெடுத்தேன். இதற்கு ஒரு பின்னேரம்கூடத் தேவைப்படவில்லை. சனிக்கிழமை காலை யாகப்பு அண்ணை கதிரை போட்டு முற்றத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மரியாதையான ஒரு பொய்யைச் சோடித்துக்கொண்டு போனேன். மனைவிக்கு மூட்டுவலி, தனிய விட ஏலாது, வந்து கொஞ்ச நாளிலேயே வீட்டைத் திருப்பித் தருவதற்கு மன்னிக்க வேண்டும் என்று இழுத்து இழுத்துச் சொன்னேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அதிலை ஒண்டுமில்லை தம்பி. நீங்கள் இந்த மாதக் கடைசியிலை ஊருக்குத் திரும்பியிடுவியள் எண்டு கோபிகா தங்கச்சி போன் எடுத்துச் சொன்னவ. நானும் நாரந்தனை ஆக்களுக்கு வீட்டைக் குடுக்கிறதெண்டு சொல்லிப்போட்டன்."

எப்போது எடுத்தவ என்று கேட்டேன்.

"நீங்கள் இஞ்சை வந்த அண்டுதான் தம்பி. பஸ்ஸாலை இறங்க முதலே."