மந்திரிக்குத் தனிமை நோய்

சனிக்கிழமையை மீட்டே தீருவது என்று ஒரு நாள் சாயங்காலம் முடிவு செய்தேன்.

நாட்டை மீட்டவர்கள் இருக்கிறார்கள். அடகு வைத்த நகையை மீட்டவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு பெரிய ஆசையெல்லாம் இல்லை. வாரத்தில் ஒரு கிழமை, அதுவும் காலையில் கொஞ்ச நேரம், குப்புறப் படுத்துத் தூங்க வேண்டும். அவ்வளவுதான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டு மனுக்களை விசாரிப்பவன். கிடங்கு முழுக்க வெள்ளத்தில் போய்விட்டது என்று ஒருவர் வந்து தேம்பித் தேம்பி அழுதால், நேரில் போய்ப் பார்த்து, அவர் கைக்குட்டையைத் தவிர வேறெதுவும் நனையவில்லை என்று கண்டுபிடித்து எழுதுவேன். பொய் என் மூக்குக்குத் தப்பாது. ஆபீஸில் என்னைக் கண்டால் உண்மை பேசுகிறவர்களுக்கே நாக்குக் குழறும்.

என் மனைவி பல் டாக்டர். ஊரே அவள் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்காரும். அவள் கேள்வி கேட்பாள். யாராலும் பதில் சொல்ல முடியாது. அந்தப் பழக்கம் வீட்டிலும் தொடர்கிறது. ஒரே வித்தியாசம், அங்கே மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுப் பிடுங்குவாள்.

மகள் நீந்துவாள். மகன் டிரம்ஸ் அடிப்பான். மகள் மேடைப்பேச்சும் பேசுவாள். மகன் கால்பந்தில் கோல் காப்பான், அதாவது கோலுக்கு முன்னால் நின்று பட்டாம்பூச்சி பார்ப்பான். இத்தனையும் சனிக்கிழமைதான். ஒவ்வொன்றும் ஊரின் ஒவ்வொரு மூலையில். சனிக்கிழமை காலையில் மனைவிக்குக் கிளினிக் உண்டு என்பதால் ஸ்டியரிங் என் கையில். ஒருமுறை டிரம்ஸ் குச்சிகளை நீச்சல் குளத்தில் விட்டுவிட்டு, நீச்சல் கண்ணாடியோடு மகனை டிரம்ஸ் வகுப்பில் இறக்கிவிட்டேன். அவன் அதை மாட்டிக்கொண்டு கையாலேயே அடித்தானாம். மாஸ்டர் பாராட்டினாராம். மனைவி பாராட்டவில்லை.

வீட்டில் இன்னும் இரண்டு பேர். ஒரு பூனை, அதற்கு நான் யாரென்று இன்றுவரை தெரியாது. ஒரு நாய், பெயர் மந்திரி. எதற்கும் தலையாட்டும், எந்த வேலையும் செய்யாது என்பதால் வைத்த பெயர்.

முடிவு செய்துவிட்டேனே தவிர, வழி தெரியவில்லை. எதிர்வீட்டு ஜட்ஜ்தான் வழி காட்டினார். ஓய்வுபெற்ற நீதிபதி. அவர் பேத்தியும் என் மகளோடுதான் நீச்சல் பழகுகிறாள். கேட் அருகே என்னை நிறுத்தினார்.

"சார், உங்க நாய் குரைக்கிறதைக் கொஞ்சம் குறைக்கணும்."

"என்ன சார் ஆச்சு?"

"சனிக்கிழமை நீங்க எல்லாரும் கிளம்பினதும் ஒரே சத்தம். பாவம், தனியா இருக்க முடியலை போலிருக்கு."

எனக்குப் பொறி தட்டியது. தனியாக இருக்க முடியாத நாய்! அதற்குத் துணையாக யாராவது ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். அந்த யாராவது, ஏன் நானாக இருக்கக் கூடாது?

ஆனால் என் தொழிலில் ஆதாரமில்லாத மனு செல்லாது. ஆதாரம் தயாரிக்க உட்கார்ந்தேன். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் மந்திரியைக் கார் ஷெட்டுக்குக் கூட்டிப்போவேன். கார் சாவியைக் குலுக்குவேன். அது என்னைப் பார்க்கும். "ஊ..." என்று நான் ஊளையிட்டுக் காட்டுவேன். அது தலையாட்டும். மறுபடி சாவி, மறுபடி நான் "ஊ..." ஒருவழியாக, என் குரலைக் கேட்கச் சகிக்காமலோ என்னவோ, அதுவும் "ஊ" என்றது. உடனே ஒரு பிஸ்கட். பிறகென்ன, சாவிச் சத்தம் கேட்டாலே உயிர் போவதுபோல் ஊளையிட ஆரம்பித்துவிட்டது.

இடையில் ஒரு நாள் மகன் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"அப்பா, யாருப்பா அழறது?"

"யாரும் அழலடா. பாடிப் பாத்தேன்."

"சுருதி சேரலப்பா," என்று சொல்லிவிட்டுப் போனான். டிரம்ஸ் கற்கிறவனுக்குச் சுருதி எதற்கு?

சனிக்கிழமை காலை. எல்லாரும் எழுவதற்குள் ஷெட்டில் ஒரு கடைசி ஒத்திகை, பிஸ்கட்டோடு. பிறகு மகள் துண்டும் கையுமாக, மகன் குச்சியும் கையுமாக வாசலில். மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் தெரியாதவன்போல் சாவியை எடுத்தேன். லேசாகக் குலுக்கினேன்.

மந்திரி தரையில் சரிந்தது. முகத்தை மேலே தூக்கியது. அது விட்ட ஊளையில் பூனை ஃபிரிட்ஜ் மேல் ஏறிக்கொண்டது.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"தனிமை நோய்."

"யாருக்கு?"

"மந்திரிக்குத்தான். நாம எல்லாரும் கிளம்பறோம்னு தெரிஞ்சதும் மனசு உடைஞ்சு போகுது, பாரு."

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தது?"

"உள்ளுக்குள்ளயே அழுதிருக்கும். இப்பத்தான் வெளிய சொல்லத் தைரியம் வந்திருக்கு."

அவள் குனிந்தாள். தொழில் பழக்கம், மந்திரியின் உதட்டைத் தூக்கி வாய்க்குள் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பாவம்," என்றாள்.

யாரைச் சொன்னாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

"அப்படின்னா நீங்க இதுகூட வீட்லயே இருங்க. பசங்களை நான் பாத்துக்கறேன்."

"உனக்குக் கிளினிக் இருக்கேம்மா..." என்று இழுத்தேன். ஜெயித்தவன் கொஞ்சம் பெருந்தன்மை காட்ட வேண்டும்.

"அதைப் பத்தி நீங்க ஏன் கவலைப்படறீங்க?"

கார் கிளம்பியது. நான் குப்புறப் படுத்தேன். ஆஹா! ஜன்னல் திரை ஆடுகிறது. குழாய் சொட்டுகிறது. யாருக்கும் எதுவும் தொலையவில்லை. மந்திரி காலடியில் குறட்டை விட்டது. தனிமை நோயின் அறிகுறியே இல்லை. பொய்யைக் கண்டுபிடிக்கிறவனைவிடப் பொய்யை நன்றாகத் தயாரிக்க யாரால் முடியும் என்று நினைத்தபடியே தூங்கிப் போனேன்.

அடுத்த சனிக்கிழமை குப்புறப் படுத்த கையோடு காலிங் பெல் அடித்தது.

வாசலில் ஜட்ஜ். கையில் பஞ்சுமூட்டை மாதிரி ஒரு நாய்க்குட்டி.

"உங்க மிஸஸ் சொன்னாங்க. தனியா இருக்கற நாயோட மனசு உங்களுக்குத்தான் புரியுமாம். இவனுக்கும் அதே பிரச்சினைதான். எங்கே கிளம்பினாலும் செருப்பைக் கடிச்சுத் துப்பிடறான்."

"சார், அது வந்து..."

"உங்க பசங்களைப் பத்திக் கவலையே வேண்டாம். என் கார்லதான் இருக்காங்க. நானே நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

தீர்ப்பு சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

கதவைச் சாத்துவதற்குள் டிரம்ஸ் மாஸ்டர் வந்தார். அவரிடம் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய். டிரம்ஸ் சத்தத்தில் வளர்ந்ததால் அதற்குக் காது மந்தம். தன் குரல் தனக்கே கேட்பதில்லை என்று இன்னும் சத்தமாகக் குரைக்கும். மகனை டிரம்ஸிலிருந்து கால்பந்துக்கு அவரே கொண்டு விடுவாராம். பின்னாலேயே நீச்சல் கோச் ஒரு தொட்டியோடு வந்தார். உள்ளே ஆமை.

"இதுக்கும் தனிமைதான் சார்."

"எப்படித் தெரியும்?"

"ஓட்டை விட்டு வெளிய வரவே மாட்டேங்குது."

காலை முழுக்க என் வீட்டில் நடந்ததை விவரிக்க நாகரிகம் இடம் கொடுக்காது. ஒன்று மட்டும் சொல்கிறேன். தெருவில் யாரோ சாவியைக் குலுக்கிக் கதவைப் பூட்டினார்கள். மந்திரி ஊளையிட்டது. நான் பிஸ்கட் போட்டேன். மற்ற இரண்டு நாய்களும் அதைப் பார்த்தன. ஒரே பாடத்தில் கற்றுக்கொண்டன. எனக்கு ஒரு வாரம் பிடித்த வேலை!

மத்தியானம் மனைவி வந்தாள். முகம் பளபளவென்று இருந்தது. தோளில் ஒரு பேட்மின்டன் மட்டை.

"கிளினிக்ல எதுக்கு மட்டை?"

"கிளினிக்கைச் சனிக்கிழமை மூடிட்டேனே. பசங்களுக்குத்தான் வண்டி கிடைச்சாச்சு, வீட்டுக்கும் நீங்க இருக்கீங்க. அதான் நானும் ஒரு கிளாஸ்ல சேர்ந்துட்டேன். சின்ன வயசுலேர்ந்து ஆசை." மட்டையைச் சுவரில் சாய்த்தாள். "இதுங்க எல்லாம் எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க. உங்களுக்கு நல்ல கைராசி."

அமைதிக்குக் காரணம், மூன்று நாய்களும் என் மேல் படுத்திருந்தன.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மகள் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தண்ணீருக்குள் முதல்முறையாகப் பயப்படாமல் கண்ணைத் திறந்து பார்த்தாளாம். அடியில் நீலக் கட்டங்கள் எல்லாம் ஆடினவாம். அவள் தம்பிதான் எனக்குச் சொன்னான்.

"ஏன் கண்ணு, என்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"

"ஜட்ஜ் தாத்தாகிட்ட சொன்னேனே."

"அப்பாகிட்ட?"

"கார்ல வரும்போதுதானேப்பா சொல்லுவேன். நீங்க கார்ல இல்லையே."

சுருக்கென்றது. இத்தனை சனிக்கிழமை பின்சீட்டிலிருந்து நச்சுநச்சென்று வந்துகொண்டிருந்த பேச்சு. சிக்னல் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது தெரியாமல் நான் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்த பேச்சு. அதை இப்போது ஒரு ஜட்ஜ் கேட்டுக்கொண்டிருக்கிறார். விசாரணை அவர் தொழில் என்றால் என் தொழில் என்ன?

"அடுத்த சனிக்கிழமை ரேஸ் இருக்குப்பா," என்றாள். "நீங்க வர முடியாதுன்னு தெரியும். மந்திரி பாவம்."

அன்று சாயங்காலம் முழுக்க நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். பின்னாலேயே மந்திரி. கடைசியில் மனைவி முன் போய் நின்றேன்.

"ஒரு விஷயம் சொல்லணும்."

"வாயைத் திறங்க."

"மந்திரிக்கு நோயும் இல்ல, நொடியும் இல்ல. நான்தான் பிஸ்கட் கொடுத்து ஊளை விடப் பழக்கினேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"முதல் நாளே. அதுக்குக் காலையில சாப்பாடே வைக்கலை, கடைவாய் முழுக்க பிஸ்கட்டு. ஊர் வாயிலெல்லாம் சொத்தையைத் தேடறவளுக்கு உங்க சாக்கு சொத்தைன்னு தெரியாதா?"

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"வாரம் முழுக்க அவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. அதை வீணாக்க மனசு வரலை." அவள் சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தான் ஆகணும்ங்க."

"நான் ரேஸுக்குப் போகணும்மா."

"போங்களேன். யாரு வேண்டாம்னா?"

"அப்ப சனிக்கிழமை வர்ற நாய்ங்க?"

"எல்லார்கிட்டயும் நான் பேசிக்கறேன். இனிமே நீங்க நாய் எதுவும் எடுத்துக்கறதில்லைன்னு சொல்லிடறேன். அந்த ஆமையைக்கூட."

இவ்வளவு சுலபமாகவா? வாதாடாமல் விட்டுக் கொடுப்பவரை நம்பாதே என்று ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். சந்தோஷத்தில் அது எனக்கே மறந்துபோயிற்று.

ரேஸ் அன்று ஈர பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்தேன். விசில் ஊதியதும் பாதிப் பேர் மீன் மாதிரி பாய்ந்தார்கள். என் மகள் ஒரு கணம் கழித்துத்தான் குதித்தாள். கண்ணாடி நழுவிக் கழுத்துக்குப் போய்விட்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் ஜட்ஜ் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அவள் விடவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே நீந்தி, எல்லாருக்கும் பின்னால், ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் முன்னால் வந்து சுவரைத் தொட்டாள்.

"அப்பா! கடைசி இல்லப்பா!" என்று தண்ணீருக்குள்ளிருந்தே கத்தினாள்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தாள். ரேஸ் நடந்தது கண்மூடித் திறக்கிற நேரம். கதை வீடு வந்த பிறகும் முடியவில்லை. பின்சீட்டில் மகன் முட்டியில் தாளம் போட்டு அதற்குப் பின்னணி இசை கொடுத்தான். கதை அறுந்துவிடக் கூடாதே என்று வீட்டைத் தாண்டிப் போய் இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தேன். அப்படியொரு கம்பீரத்தோடு நான் கார் ஓட்டியதே இல்லை. மனைவியிடம் உண்மையைச் சொன்னவனுக்கு எதிரி ஏது?

வீட்டுக்குள் நுழைந்தேன். ஒரு நாய்க்குட்டி இல்லை. ஆமை இல்லை. தரைகூடத் துடைத்திருந்தது. கூடத்தின் நடுவில் இரண்டு பெரிய பெட்டிகள் மட்டும் நின்றன. சோபாவில் மாமனார்.

மாமனார் வேறு ஊரில் தனியாக இருப்பவர். ஓய்வுபெற்ற இலக்கணப் பேராசிரியர். யார் வாய் திறந்தாலும் திருத்துவார்.

"வந்துட்டீங்களா மாமா?" என்றேன்.

"வந்துவிட்டீர்களா," என்று திருத்தினார்.

மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துப் போனேன். "எத்தனை நாளைக்கு?"

"அது உங்க கையிலதான் இருக்கு. போன்ல, தனியா இருந்தா மனசே சரியில்லம்மான்னு அழுதார். கவலைப்படாம கிளம்பி வாங்கப்பா, உங்க மாப்பிள்ளைக்கு இதுல நல்ல அனுபவம்னு சொன்னேன். உங்களுக்காகத்தான் மத்த எல்லாரையும் வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு சொன்னதும் உருகிப் போயிட்டார்."

"நான் எப்ப..."

"அவர் பேசறதுக்கு யாராவது 'ம்' கொட்டினா போதுமாம். உங்களை விட்டா யாரு?" என்று மட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

இன்னும் நிறையச் சொல்ல இருக்கிறது. ஆனால் மாமனார் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். வாக்கிங் கூட்டிப் போகாவிட்டால் இன்று முழுக்கச் சாப்பிட மாட்டார்.