தியாகராஜாவின் இலையில் என் புகையிலை

ரெய்னர்ஸ் லேன்,
14.11.1993

அன்பு மைத்துனர் பத்மநாதனுக்கு அத்தான் சபாரத்தினம் எழுதிக்கொள்வது. உமக்கும் சிவகௌரிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. எங்கள் நலத்தைப் பற்றி இம்முறை எழுதவில்லை. எழுதுவதற்கு அது இருக்க வேண்டும்.

நீர் செய்த பிழை இதுதான். என் அலுமாரியில் இருந்த புகையிலை டின்னை என்னைக் கேளாமல் எடுத்துப் போய், காலம்சென்ற உம் அண்ணை தியாகராஜாவின் எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையலில் கொட்டி, பிறகு வழக்கம் என்று அந்த இலையைக் கொண்டுபோய் குட்மேய்ஸ் சந்தியில் மழைக்குள் வைத்துவிட்டு வந்தீர். அக்கா சிவனேஸ்வரி தலையாட்டினாள் என்கிறீர். என்னைக் கட்டின நாற்பது வருடமாக அவள் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அது சம்மதம் அல்ல.

அந்த டின்னில் இருந்தது கடையில் வாங்கிய சாமான் இல்லை. எனக்கு இதை ஒருவரும் படிப்பிக்கவில்லை. ஹரோ நூலகத்துப் புத்தகத்தை அகராதியோடு மூன்று தரம் படித்து நானாகக் கற்றுக்கொண்டது. வர்ஜீனியா இலை இரண்டு பங்கு, விறகுப் புகையில் வாட்டிய கறுத்த இலை ஒரு பங்கு, அதற்குள்ளே ஒரு சிட்டிகை எங்கள் யாழ்ப்பாணப் புகையிலை, பனங்கட்டிப் பாணி போட்டது. அந்தக் கடைசிப் பொருளை எண்பத்தொன்பதில் ஒருவர் பெட்டிக்குள் சேலைக்கடியில் வைத்துக் கொண்டுவந்தார். யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை பூட்டினபிறகு ஒரு நறுக்குக்கூட வரவில்லை, இனி எப்போது வருமோ தெரியாது. எல்லாவற்றையும் கலந்து அம்மிக்கல்லுக்கடியில் மூன்று கிழமை அமர்த்தி வைத்து எடுக்க வேண்டும். பற்ற வைத்தால் முதலில் பனங்கட்டி இளகுகிற இனிப்பு. பாதியில் ஈரவிறகு மணம் எழும்பும். அடியில் நாக்கின் வேரில் மிளகு. இழுத்து விழுங்குகிற சாமான் அல்ல அது, வாய்க்குள் வைத்துச் சுவைத்து விடுகிற சாமான். டாக்டர் எனக்கு ஒரு நாளைக்கு ஒரு பைப் என்று அளந்துவிட்டார். அந்த ஒன்றையும் நீர் எடுத்துவிட்டீர்.

இதைவிட மனதில் தைத்தது வேறு. படையல் அறைக் கதவைத் திறந்தபோது நான் என்ன கண்டேன்? சாராயத்துக்கும் பொரித்த மீனுக்கும் நடுவில் என் புகையிலை கும்பியாகக் கிடந்தது. மீன்குழம்பு ஓடிப்போய் அதைச் சுற்றி நின்றது. நான் கேட்டேன். நீர் சொன்னீர்: “லண்டன் முழுக்கத் தேடியும் சுருட்டுக் கிடைக்கேல்லை அத்தான். வெள்ளைக்காரன்ர சிகாரை அண்ணை தொடமாட்டார். உங்கட புகையிலை எண்டால் அவருக்குப் பிடிக்கும்.”

பிடிக்குமாம். பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உம் அண்ணை ரெயில் மாறி மாறி என் வீட்டுக்கு வந்தார். வந்து, என் கதிரையில் இருந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், என் பைப் புகையை முகர்ந்து கேட்பார்: “என்ன மச்சான், கேக் எரியுது போல?” நான் பைப்பை நீட்டுவேன். “ஒருக்காப் பத்திப் பார், பிறகு கதை.” “வேண்டாம் மச்சான். எனக்கு இன்னும் சாகிற வயசு வரேல்லை.” ஒரு தரமாவது பற்றிப் பார்த்துவிட்டு, கூடாது என்று சொல்லியிருந்தாலும் நான் விட்டிருப்பேன். அந்த மனிதனின் வாயிலிருந்து ஒரு சொல் கேட்கத்தான் நான் ஒவ்வொரு மாதமும் பங்கைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன் என்பது உமக்கு எங்கே விளங்கப் போகிறது. அதுவும் கேளாமல் அவர் போய்விட்டார். இப்போது வாய் திறக்க முடியாதவரின் பெயரில் நீர் பொய்ச் சாட்சி சொல்கிறீர்.

டின் ஏற்கெனவே குறைந்துகொண்டு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஹீட்டர் சூட்டில் காய்ந்து குறைகிறது என்று நினைத்து இரண்டு குளிர்காலம் ஹீட்டரையே நிறுத்தி வைத்தேன். உம் அக்கா கம்பளித் தொப்பியோடு புட்டு அவித்தாள். அப்படிக் காத்த சாமான் அது.

ஆகவே செய்ய வேண்டியவை. அண்ணைக்குப் பிடிக்கும் என்று சொன்னது பொய் என நீர் உம் கையால் எழுதி ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும். டின்னில் உள்ள மீன் மணத்தைச் சிவகௌரி சுடுதண்ணீரால் மட்டும் போக்க வேண்டும், சவர்க்காரம் படக்கூடாது. முப்பத்தோராம் நாளுக்கு உண்மையான சுருட்டை உம் மூத்த மகன் தேடிப் பிடிக்க வேண்டும். நினைவுக்கு இருக்கட்டும் என்று நீர் என் தோளில் போட்டுவிட்ட அண்ணையின் ஓவர்கோட்டைச் சிவனேஸ்வரி மடித்துக் கட்டி வைப்பாள். வருகிற ஞாயிறு நீர் வந்து எடுத்துப் போக வேண்டும். என் அலுமாரியை இனி நான்தான் திறப்பேன், வேறு எவரும் அல்ல.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீடு வாழ்ந்து, கேட்டு எடுக்கிற பழக்கத்தோடு வளரட்டும்.

இப்படிக்கு,
க. சபாரத்தினம்

பி.கு. கோட்டை மடிக்க முதல் பொக்கற்றைப் பார்க்கச் சொன்னேன். சிவனேஸ்வரி உள் பொக்கற்றிலிருந்து ஒரு சின்னப் பைப்பை எடுத்து மேசையில் வைத்தாள். கூடவே செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரிக்க முதலே என் டின்னின் மணம் தெரிந்துவிட்டது. பைப்புக்குள் ஏறியிருக்கும் கரியின் தடிப்பைப் பார்த்தால் ஏழெட்டு வருடப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேத்தண்ணி போட உள்ளே போனது நான்தான். நீர் அறிந்து சொன்னீரா, வாயில் வந்ததைச் சொன்னீரா என்று கேட்க மாட்டேன். எழுதித் தர வேண்டாம். சுருட்டும் தேட வேண்டாம். கோட் இங்கேயே இருக்கும். ஹீட்டரைப் போட்டுவிட்டோம். பொட்டலத்தில் மிச்சம் இருப்பது இரண்டு பைப்புக்குக் காணும். அதில் ஒன்றை முப்பத்தோராம் நாள் நானே கொண்டுவந்து இலையில் வைப்பேன். மற்றதைப் பற்றி நீர் விசாரிக்க வேண்டாம். மீன்குழம்பை இலையின் அந்தப் பக்கம் ஊற்றச் சொல்லும்.