சான் அனிசெட்டோ மலிவு நகரமான வரலாறு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு பல்லாயிரம் ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, சென்ற பிப்ரவரி மாதம், எங்கள் சான் அனிசெட்டோ நகர மன்றத்தின் மூன்றாம் மாடியில், ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமல் வீட்டுவிலையைக் குறைக்கும் வழியைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டுக்கும் சாட்சி கிடையாது. மூன்றாவதற்கு நான் இருக்கிறேன். 'மூத்த குடிமக்கள் பிரதிநிதி' என்ற முறையில் தீர்மானத்தை வழிமொழிந்தவளும் நானே.

எங்கள் அமைப்பின் முழுப்பெயர் 'நகரங்களுக்கிடையிலான வீட்டுவிலை மற்றும் வீட்டுக்கடன் தவணை ஒப்பீட்டுச் சிறப்புக் குழு'. சொல்லி முடிப்பதற்குள் தலைவர் கவுன்சிலர் திமாயுகாவுக்கு மூச்சு வாங்கும் என்பதால் 'குழு' என்று சுருக்கிக்கொண்டோம். ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் ஜெபம், பிறகு தேசிய கீதம், பிறகு புகைப்படம். புகைப்படம் இரண்டு: ஒன்று கம்பீரமாக, ஒன்று நாக்கை நீட்டிக் கோமாளித்தனமாக. அதன்பின் சிற்றுண்டி. அதற்கும் மேல் நேரம் மிஞ்சினால் வேலை.

குழு பிறந்த காரணம் இதுதான். தலைநகர வட்டாரத்து நகரங்களெல்லாம் சேர்ந்து 'மலிவு நகரம்' என்றொரு விருது அறிவித்தன. எந்த ஊரில் மிகக் குறைந்த வருஷங்களின் சம்பளத்தில் வீடு வாங்க முடியுமோ, அந்த ஊருக்குப் பட்டம், கண்ணாடிக் கேடயம்.

எஞ்சினியர் லிங்காட் மடிக்கணினியைத் திறந்தார். கணக்கில் புலி, அதைத் தவிர வேறு எதிலும் தலையிடாத உத்தமர்.

"பத்தொம்பது," என்றார்.

"என்ன பத்தொம்பது?"

"வருஷம் சார். நம்ம ஊர்ல ஒரு சாதாரண வீட்டு விலை, ஒருத்தரோட பத்தொம்பது வருஷச் சம்பளம். முழுசா எடுத்து வைக்கணும். சாப்பிடாம."

"பக்கத்து ஊரு?"

"வில்லா ரெமெடியோஸ் பதினாலு."

எங்கள் மக்கள் பத்தொன்பது வருஷம் பட்டினி கிடக்க வேண்டும் என்பதைத் தாங்கிக்கொண்ட இதயங்களால், ரெமெடியோஸ்காரர்கள் பதினான்கிலேயே இலை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்பதைத் தாங்க முடியவில்லை.

"ஹாங்காங் எப்படி?" என்று கேட்டார் கவுன்சிலர்.

"நம்மளவிட மோசம் சார்."

"அப்புறமென்ன! ஹாங்காங்கோட ஒப்பிடுவோம்."

"போட்டி நம்ம ஊருகளுக்குள்ளதான் சார்."

"இருக்கட்டும்யா. ஒப்பீடுன்னு பேர் வச்சிட்டு நேர்ல பாக்காம இருந்தா நாளைக்கு ஜனம் கேக்காதா?"

ஆறு பேர் நான்கு நாள் போய்வந்தார்கள். எனக்கு முழங்கால் வலி, போகவில்லை. அவர்கள் சமர்ப்பித்த அறிக்கையை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அது இரண்டே வரி: 'அங்கே வீட்டுவிலை மிக அதிகம். வாத்துக்கறி நன்றாக இருக்கிறது.'

இரண்டாம் கூட்டத்தில் கடன் தவணையை எடுத்துக்கொண்டோம். ரெமெடியோஸில் முப்பது வருஷக் கடன். நாம் அறுபது வருஷம் ஆக்கினால் மாதத் தவணை இளைத்துவிடும் என்றார் ஒரு உறுப்பினர்.

"கடன் வாங்கினவன் நடுவுல செத்துட்டா?" என்று நான் கேட்டேன்.

"பிள்ளை கட்டும், மிசிஸ் அல்காந்தரா."

"பிள்ளை இல்லைன்னா?"

"அது அவங்க குடும்ப விஷயம். குழு அதுல மூக்கை நுழைக்கக் கூடாது."

எங்கள் நாகரிகம் அப்படிப்பட்டது. ஆனால் விருது விதிகளில் தவணைக்கு மதிப்பெண் குறைவு என்று தெரிந்ததும் அறுபது வருஷத்தைக் கைவிட்டோம். மூன்றாம் கூட்டத்தில் வீட்டையே பாதியாக்கினோம்: இருபத்திரண்டு சதுர மீட்டருக்குப் பதில் பதினொன்று.

"படுக்கிறது எப்படி?"

"முறை வச்சுப் படுக்கலாமே. குடும்ப ஒற்றுமையும் வளரும்."

பதினோரு சதுர மீட்டரை வீடு என்று ஒப்புக்கொள்ள முடியாது என்று போட்டி நடத்துபவர்கள் எழுதிவிட்டார்கள். பொறாமைதான், வேறென்ன.

இப்படி நான்கு மாத உழைப்பும் பாழாய்ப் போகவிருந்த நேரத்தில்தான் நோர்மிட்டா தட்டோடு உள்ளே வந்தாள்.

நோர்மிட்டாவைத் தெரியாதவர்கள் எங்கள் நகர மன்றத்தில் இல்லை. எல்லாக் கூட்டத்துக்கும் சிற்றுண்டி அவள்தான். வாழைப்பழத்தை மாவுத்தாளில் சுருட்டி, சர்க்கரை பொங்கப் பொரித்து எடுப்பாள். அதைத் துரோன் என்போம். ஓடைக்கரையில் பலகை வீடு. புருஷன் அம்போ மூன்று சக்கர வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரம் இரண்டு நாள் நகர மருத்துவமனையில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். எங்கள் ஊர் வாசி என்ற அட்டை இருந்தால் அது இலவசம். வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. அதனால்தான் சந்தைக்குப் பின்னால் கட்டவிருந்த நகர மன்ற அடுக்ககத்தில் ஒரு வீட்டுக்கு அவள் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

எஞ்சினியர் துரோனை எடுக்கக் கை நீட்டியவர், அப்படியே நின்றார்.

"சார், நாம இவ்வளவு நாளா விலையையே புடிச்சித் தொங்கிட்டிருக்கோம். கீழ இருக்கிற நம்பரை யாருமே தொடல."

"எது?"

"சம்பளம். விலையை ஊர்ச் சராசரிச் சம்பளத்தால வகுக்கிறோம். சம்பளம் ஏறினா வருஷம் குறையும்."

"சம்பளத்தை ஏத்தச் சொல்றியா?" கவுன்சிலருக்குப் புரையேறியது. அவருக்கு மூன்று கடைகள் உண்டு.

"ஐயோ, அதில்ல சார். ஏம்மா நோர்மிட்டா, உங்க வருமானம் எவ்வளவு?"

"கூட்டம் இருந்தா நாளுக்கு நானூத்தம்பது பெசோ சார். இல்லைன்னா ஒண்ணுமில்ல."

எஞ்சினியர் மடிக்கணினியில் தட்டினார். "இவங்களைக் கணக்குலேருந்து எடுத்துட்டா... ஒண்ணும் அசையல. இவங்க தெருவை எடுத்தா... லேசா அசையுது." விரல்கள் பறந்தன. "ஓடைக்கரை, தண்டவாளத்தோரம், சந்தைக்குப் பின்பக்கம், மொத்தம் பதினோராயிரம் குடும்பம்..."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

பதின்மூன்றே முக்கால்.

பாதிரியார் இல்லாத குறைதான். மற்றபடி அது ஒரு தெய்வீகத் தருணம். ஒரு வீட்டின் விலையும் ஒரு பெசோ இறங்கவில்லை. ஒருவர் சம்பளமும் ஏறவில்லை. ஆனாலும் ஊர் மலிவாகிவிட்டது!

"கணக்குலேருந்து எடுக்கிறதுன்னா என்ன சார்?" என்று கேட்டாள் நோர்மிட்டா.

"இன்னொரு துரோன் வை," என்றார் கவுன்சிலர்.

அந்தச் சொல் கடுமையாக இருக்கிறது என்று குழுவுக்கும் தோன்றியது. எனவே தீர்மானத்தில் 'மலிவான நகரத்தில் குடியேறும் பொன்னான வாய்ப்பு' என்று எழுதினோம். நான் வழிமொழிந்தேன். மலையடிவாரத்தில், ஜீப்னி என்னும் சிற்றுந்தில் மூன்று முறை மாறிப் போக வேண்டிய சான் புருடென்சியோவில் இடம் பார்த்தோம். மக்களுக்குத் தெளிவாகப் புரிய வேண்டுமே என்று ஒப்பீட்டு அட்டவணை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தோம்: இங்கே விலை இவ்வளவு, அங்கே பாதி, இங்கே தவணை இவ்வளவு, அங்கே பாதி. படிப்பவர் கண் கலங்கும் அட்டவணை.

ஓடைக்கரைக்குக் கவுன்சிலரே வந்தார். நானும் குடையோடு நின்றேன்.

"பாத்தியா நோர்மிட்டா, தவணை பாதிக்குப் பாதி!"

"வருமானம் சார்? அங்க கூட்டம் நடக்குமா?"

"அங்க நல்ல காத்து இருக்கு."

"ஆஸ்பத்திரி?"

"சுத்தமான மலைக்காத்துங்கிறேன்! உன் புருஷனுக்கு அதுதான் மருந்து."

"அவருக்குச் சுத்தம் பண்ண வேண்டியது மூச்சு இல்ல சார். ரத்தம்."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அம்போ சிரித்தான். "விடுடி. சாருக்கு நேரமாகுது. கவுன்சிலர் சார், அந்தப் பட்டியல்ல ஜீப்னிச் செலவு எந்தக் கட்டத்துல இருக்கு?"

"அது போக்குவரத்துக் குழு. நாங்க வீட்டுக் குழு."

"அப்போ ரத்தம் எந்தக் குழு சார்?"

நோயாளிகள் சில நேரம் இப்படித்தான் எரிச்சலாகப் பேசுவார்கள். குழு பெருந்தன்மையோடு மன்னித்தது.

ஜூலையில் லாரிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் கவுன்சிலரின் முகத்தோடு பிளெக்ஸ் பேனர்: 'இனிய பயணம்!' சட்டி, பானை, மின்விசிறி, சாமி சிலை, சேவல் கூண்டு எல்லாம் ஏறின. அம்போவை நாற்காலியோடு தூக்கி வைத்தார்கள். போகும்போது எனக்குக் கை காட்டினான். நானும் காட்டினேன்.

அக்டோபரில் விருது எங்களுக்கே கிடைத்தது. ரெமெடியோஸைக் கால் வருஷ வித்தியாசத்தில் வென்றோம். விழாவில் 'பயனாளி உரை' என்றொரு நிகழ்ச்சி இருந்ததால் நோர்மிட்டாவை வரவழைத்தார்கள். துரோனும் கொண்டுவரச் சொன்னார்கள். அதிகாலை கிளம்பியவள், மூன்று ஜீப்னி மாறி, மதியம் வியர்க்க வந்து சேர்ந்தாள். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒரு சந்தேகம். நாங்க இங்க இருந்தப்போ வீடு பத்தொம்பது வருஷச் சம்பளம்னாங்க. நாங்க போனதும் பதிமூணே முக்கால்ங்கிறாங்க. அப்போ இவ்வளவு நாளா இந்த ஊருக்கு விலையை ஏத்தி வச்சிருந்தது நாங்களா? ஒரு கிலோ அரிசியைக் கடனுக்கு வாங்கிட்டு எங்களுக்கே தெரியாம இவ்வளவு பெரிய வேலை பாத்திருக்கோமே!"

அரங்கம் சிரித்துக் கைதட்டியது. நடவடிக்கைக் குறிப்பில் 'பயனாளி நன்றி தெரிவித்தார்' என்று பதிவானது.

மேடையை விட்டு இறங்கியதும் அவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, கவுன்சிலர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கித் தாங்க. அம்போவோட அட்டை போன மாசத்தோட செல்லாதாம். ஆஸ்பத்திரி ஜன்னல்ல இருக்கிற பொண்ணு திருப்பி அனுப்பிடுச்சு. மலையில இருக்கிற ஆஸ்பத்திரியில ஒரே மிஷின். நாப்பது பேர் வரிசை. கவுன்சிலர் 'இந்த ஊர் வாசி'ன்னு ஒரு வரி எழுதினா போதும். படுக்க இடம்கூட வேணாம். எப்படியாவது கூட்டிட்டு வந்துருவேன்."

அழைத்துப் போனேன். கவுன்சிலர் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வரி சார்," என்றேன்.

"எழுதலாம் மிசிஸ் அல்காந்தரா. மனசு இல்லாமலா? ஆனா வாசின்னு எழுதினா கணக்குல வருவான்ல?" அவர் எஞ்சினியரைப் பார்த்தார்.

"ஒரு ஆளால ஒண்ணும் ஆகாது சார்," என்றார் எஞ்சினியர். அவர் பொய் சொல்லாதவர். "ஆனா ஒருத்தருக்குக் கொடுத்தா பதினோராயிரம் குடும்பமும் வந்து நிக்கும். பதிமூணே முக்கால் மறுபடி பத்தொம்பதுக்குப் போயிரும். கேடயத்தைத் திருப்பிக் கேப்பாங்க."

கவுன்சிலர் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "பாரு நோர்மிட்டா, இது என் கேடயம் இல்ல. ஊரோட கேடயம். உன் புருஷனுக்காக ஊரோட மானத்தை விக்கச் சொல்றியா?"

"சரிங்க சார்," என்றாள். காலித் தட்டை எடுத்துக்கொண்டு முதல் ஜீப்னியைப் பிடிக்கப் போனாள்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி அவள் நகர மன்றத்துக்கு மறுபடி வந்தாள். இம்முறை தட்டு இல்லை. கறுப்புச் சட்டை போட்டிருந்தாள். நான் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இரண்டாவது ஜீப்னியில போயிட்டாரு அக்கா," என்றாள். "இங்கதான் கூட்டிட்டு வந்திட்டிருந்தேன். ஜன்னல்ல கெஞ்சிப் பாக்கலாம்னு."

கவுன்சிலர் எழுந்து நின்று ஜெபித்தார். கண்ணீரும் வந்தது, அதில் கலப்படம் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன்.

"என்ன வேணும்னாலும் கேளு நோர்மிட்டா."

"அவரோட அம்மா அப்பா நம்ம நகரக் கல்லறையிலதான் இருக்காங்க. சுவர்ல அடுக்கடுக்கா கட்டியிருக்கீங்களே, அதுல ஒரு அறை கிடைச்சா போதும் சார். ஊர் வாசிகளுக்கு மட்டும்தான்னு காவக்காரர் சொல்லிட்டாரு."

கவுன்சிலர் பழக்கம் காரணமாக எஞ்சினியரைப் பார்த்தார்.

"இது கணக்கைத் தொடுமா?"

"தொடாது சார். இறந்தவங்க சராசரியிலயே வரமாட்டாங்க."

கவுன்சிலரின் முகத்தில் அன்று நான் கண்ட ஒளியைப் பதவியேற்பு நாளில்கூடக் கண்டதில்லை. நகர மன்ற முத்திரைத்தாளை இழுத்தார். 'அம்ப்ரோசியோ தகும்பாய், சான் அனிசெட்டோ நகர வாசி' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். அதன் கீழே ஒப்பமிட்டார். முத்திரையை இரண்டு முறை குத்தினார்.

"அஞ்சு வருஷத்துக்கு இலவசம். ஒரு பெசோ தவணை கிடையாது. ரெமெடியோஸ்ல இதே அறைக்கு என்ன வாங்கறாங்கன்னு விசாரிச்சுப் பாரு!"

நோர்மிட்டா தாளை வாங்கினாள். ஒருமுறை படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"ஊர் வாசின்னு போட்டிருக்கீங்க சார்."

"ஆமா."

"அக்டோபர்ல இந்த ஒரு வரியைத்தானே சார் கேட்டேன்."

கவுன்சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல வேளையாக எஞ்சினியர் இருந்தார். கணக்கு புரியாதவர்களிடம் அவர் ஒருநாளும் பொறுமை இழந்ததில்லை.

"அப்ப அவரு உயிரோட இருந்தாரேம்மா," என்றார்.