பதினோராம் பக்கத்துக் காலிக் கட்டம்

மனித இனம் கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்ள ஐயாயிரம் ஆண்டுகள் ஆயின. அந்தத் தொல்லையிலிருந்து அதை விடுவிக்க ‘வானவாசல் டிவி’ நிறுவனத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் போதுமானதாக இருந்தது. இந்தப் புரட்சி எந்தத் தலைநகரிலும் நடக்கவில்லை. போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில், சிலமலையில், மகாராணி என்பவர் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் நடந்தது.

நான் காசிராஜன். போடி பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனுவும் எழுதித் தருவேன். ஒரு படிவம் எப்படி வேலை செய்கிறது என்று புரியாமல் அதை நகலெடுக்க எனக்கு மனம் வராது. அவசரக்காரர்கள் இதனால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். மகாராணி போகவில்லை. எதிர்க்கடை அன்று பூட்டியிருந்தது.

“அண்ணே, இந்தத் தாளுல என்ன போட்டிருக்குன்னு வெரசாப் பாத்துச் சொல்லுங்க. கடையில சோலி கெடக்கு.”

அவர் சொன்ன கடை ஏலக்காய்க் கடை. அங்கே முறத்தோடு உட்கார்ந்து, வெடித்த காய், வெளுத்த காய், பூச்சி விழுந்த காய் என்று பொறுக்கிப் பிரிப்பது அவர் வேலை. ஆயிரம் நல்ல காய்க்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒரு சொத்தைக் காயை விரலே கண்டுபிடித்துவிடும் என்பார்.

வானவாசல் டிவி அனுப்பிய தாள். வாங்கிப் படித்தேன். மெய்சிலிர்த்தது. ‘முன்கூட்டிய பிரிவுக் கட்டணம்’ நாலாயிரம் ரூபாய். அதன்மேல் வரி எழுநூற்றிருபது. இரண்டு வருட ஒப்பந்தத்தை இருபத்து மூன்றாம் நாளே முறித்துக்கொண்டதற்காக.

“என்ன ஒப்பந்தம் போட்டீங்க?”

“நான் எங்கண்ணே போட்டேன்? ரெண்டு பயலுக டிஷ்சு மாட்ட வந்தாங்க. ‘ஒரு மாசம் சும்மா பாருங்கக்கா, பிடிச்சா வச்சுக்கங்க’ன்னாங்க. சரி, மாதிரி காட்டுறாங்கன்னு இருந்தேன்.”

இந்த இடத்தில் ‘மாதிரி’ என்பதை விளக்கியாக வேண்டும். எங்கள் ஊர் ஏலக்காய் ஏலத்தில் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு பிடி மாதிரி வியாபாரியின் மேசைக்கு வரும். அவர் உள்ளங்கையில் உருட்டுவார், முகர்வார், ஒன்றைக் கடிப்பார். பிடிக்கவில்லையா, அப்படியே தரையில் கொட்டிவிடுவார். சாயங்காலம் தரையெல்லாம் பச்சையாகக் கிடக்கும். ‘கடித்தாயே, மொத்தக் குவியலையும் எடு’ என்று அவரை யாரும் கேட்டதில்லை.

மகாராணி இந்த வழக்கத்தில் ஊறியவர். ஆகவே அவர் செய்த தவறு இயல்பானது. டிஷ்ஷையும் மாதிரி என்றே நினைத்துவிட்டார்.

பிடிக்காமல் போனதற்குக் காரணம் இருந்தது. இந்த டிஷ் வேலை செய்யும் விதமே அழகு. பூமிக்கு முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் நிற்கிறது. அங்கிருந்து புறப்படும் அலை வழி தவறாமல் சிலமலைக்கு வந்து, கிண்ணத்தில் பட்டு, ஒரு புள்ளியில் குவிந்து, கம்பி வழியே டிவிக்குள் போகிறது. அந்தக் கிண்ணத்தை நிறுத்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் நான்கு துளை போட்டார்கள். இருபத்திரண்டாம் நாள் மழை பெய்தது. மழையும் அலையைப் போலவே வழி தவறாமல் வந்தது.

“டிவி மேல ஊத்துதுண்ணே. சிதைக்குக் கொள்ளி வைக்கிற சீனு ஓடிக்கிட்டிருக்கு, உள்ள இருந்து பொகை வருது. படத்துலதான் வருதாக்கும்னு நான் பாட்டுக்கு ஒக்காந்திருக்கேன்.”

மறுநாள் அவர் டிஷ்ஷைக் கழற்றி, செட்டாப் பெட்டியோடு சாக்கில் கட்டி, போடியில் உள்ள நிறுவன முகவர் கடைக்குக் கொண்டுபோனார். அங்கே, ஏல மரபுப்படி, சாக்கை அவிழ்த்துத் தரையில் கொட்டிவிட்டு வந்தார். நிறுவனத்தின் ஆவணங்களில் இது ‘சாதன அவமதிப்பு’ என்று பதிவாகியிருக்கிறது.

“கட்டாம விட்டா என்ன ஆகும்?” என்றேன்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது. “பேங்குல குழுக் கடன் நாப்பதாயிரம் கேட்டிருக்கேன், கூரை மாத்துறதுக்கு. மேனேஜரு கம்ப்யூட்டரப் பாத்துட்டு, ‘நீங்க பாக்கிதாரர்னு வருதும்மா’ங்கிறாரு. ஐப்பசி பொறக்க இருவது நாள்தான் இருக்கு. அந்த நாலு ஓட்டையும் மேல இருந்து என்னையவே பாத்துக்கிட்டு இருக்கு.”

கூரையில் துளை போட்டவர்களே, கூரை மாற்றும் கடனையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இத்தகைய முழுமையான சேவையை வேறு எங்கே காண்பது? இதை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கடையைப் பூட்டிவிட்டு அவரோடு தேனிக்குப் பஸ் ஏறினேன்.

தேனியில் ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம்’ இரண்டாம் மாடியில் இருக்கிறது. மகிழ்ச்சி அலுவலர் பெயர் பிரதீப். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் பயிற்சி பெற்ற புன்னகை. மரியாதையான பிள்ளை. உட்கார நாற்காலி கொடுத்தார். ஒன்றுதான் இருந்தது, நான் நின்றேன்.

“ஒப்பந்தத்தைக் காட்டு தம்பி,” என்றார் மகாராணி.

பதினான்கு பக்கம். பிரதீப் பதினோராம் பக்கத்தைத் திருப்பி ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். கட்டம் சுத்தமாகக் காலியாக இருந்தது.

“இதுல ஒண்ணையும் காணோமே.”

“அதான் மேடம் உங்க சம்மதம். சம்மதம் இல்லைன்னா ‘மறுக்கிறேன்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டு ஏழு நாளுக்குள்ள அனுப்பியிருப்பீங்க. நீங்க அனுப்பல.”

“இந்தத் தாளையே நீ இன்னைக்குத்தானப்பா காட்டுற!”

“செயலியில ‘என் ஆவணங்கள்’ பகுதியில மொத நாள்ல இருந்தே இருக்கு மேடம்.”

“எங்கிட்ட இருக்குறது பட்டன் போனு.”

“அது உங்க தனிப்பட்ட தேர்வு மேடம். நாங்க அதுல தலையிட மாட்டோம்.”

நான் வியந்து நின்றேன். சம்மதிப்பதற்குக் கையெழுத்து வேண்டாம், மறுப்பதற்குத்தான் வேண்டும். கையெழுத்தை ஒழித்தவர்கள் என்று இவர்களை அவசரப்பட்டு நினைத்திருந்தேன். ஒழிக்கவில்லை. இடம்தான் மாற்றியிருந்தார்கள்.

பிரதீப்புக்கு எங்கள் ஊரும் தெரிந்திருந்தது. “போடியில ஏலக்காய் வியாபாரம் கோடிக்கணக்குல வாய்ப்பேச்சுலயே நடக்குதாமே மேடம். அங்க மட்டும் யாரு கையெழுத்துக் கேக்குறா?”

“நடக்குதுதான். வேணும்னு சொன்னவன்கூட நடக்குது. கடிச்சுப் பாத்துட்டுத் துப்புனவன் வீட்டு வாசல்ல மூடையக் கொண்டுபோயி யாரும் எறக்க மாட்டாக.”

பிரதீப் கணினியில் ஏதோ தட்டினார். ‘வாடிக்கையாளர் உவமை கூறுகிறார்’ என்று பதிவதற்கு அதில் இடம் இல்லை போலும். நீண்ட நேரம் தேடினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உங்களுக்காக ஒண்ணு செய்யலாம் மேடம். ‘ஒப்பந்தத்தை நானே முறித்துக்கொண்டேன்’னு இந்தப் படிவத்துல மூணு இடத்துல கையெழுத்துப் போடுங்க. பத்து சதவீதம் தள்ளுபடி வாங்கித் தர்றேன்.”

மகாராணி படிவத்தைப் பார்த்தார். விரல் நுனியால் ஒரு தடவை தடவினார். தள்ளி வைத்தார்.

“தாலியே கட்டாதவன்கிட்ட அத்துவிடச் சொல்லி நான் எழுதிக் குடுக்கணுமாக்கும்? வாங்கண்ணே, பஸ்சு போயிரும்.”

திரும்பும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். நிறுவனத்தின் முறையில் உள்ள நுட்பத்தை எடுத்துச் சொன்னேன். தாளை அனுப்பு, கட்டத்தைக் காலியாக விடு, ஏழு நாள் பொறு. எதிராளி கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலே போதும், அவன் கட்டுப்பட்டவனாகிறான். எவ்வளவு குறைந்த செலவு! இதை ஏன் ஏழை எளியவர்களும் பயன்படுத்தக் கூடாது?

தீர்த்தத்தொட்டி தாண்டும்போது மகாராணி கேட்டார்: “ஏண்ணே, அவுக டிஷ்சு எங்கூரையில எத்தன நாள் ஒக்காந்திருந்துச்சு?”

அன்று மாலையே ‘கூரை உபயோக ஒப்பந்தம்’ தயாரானது. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். டிஷ் தங்கிய இருபத்து மூன்று நாளுக்கு வாடகை. துளை ஒன்றுக்கு இழப்பீடு, ஆக நான்கு. புகைந்து போன டிவி. துளைக்குக் கீழே வாளி வைத்து, நிறைந்ததும் எடுத்து ஊற்றியதற்குக் கூலி.

“ராத்திரி எடுத்ததுக்கு எரட்டக் கூலின்னு போடுங்க. எஸ்டேட்டுல அப்படித்தான.”

போட்டேன். மொத்தம் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். கடைசியில் நிறுவனத்துக்காக ஒரு கட்டம் வரைந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியான கட்டத்தை வரைந்ததில்லை. கீழே ஒரு வரி: ‘மறுப்பு இருந்தால் கட்டத்தில் கையெழுத்திட்டு ஏழு நாளுக்குள் அனுப்பவும், தவறினால் சம்மதமாகக் கருதப்படும்.’ பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போனது.

ஒரு நிறுவனம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதில் ஒரு பாடம் உண்டு. மகாராணியின் பாக்கியைப் பற்றிக் கேட்கத் தொலைபேசியில் நாங்கள் பதினொரு முறை அழைத்தோம். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்று ஒரு பெண் பாடினாள். மின்னஞ்சல் அனுப்பினோம், நன்றி வந்தது. ஆனால் நிறுவனத்திடமே பணம் கேட்கும் தாள் வேறு ஒரு கதவு வழியாக உள்ளே போகும் போலிருக்கிறது. அங்கே விழித்திருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

நான்காம் நாளே கூரியரில் பதில் வந்தது. கனமான தாள். சட்டப் பிரிவு மேலாளரின் கையெழுத்து, அவருக்கு மேலே உள்ளவரின் கையெழுத்து, இரண்டு முத்திரை. கடையில் நின்றிருந்த மகாராணிக்கு வாசித்துக் காட்டினேன்:

“தாங்கள் அனுப்பிய தாளில் எமது நிறுவனத்தின் கையொப்பம் இல்லை. கையொப்பம் இல்லாத ஒப்பந்தம் எவரையும் கட்டுப்படுத்தாது. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது சட்டத்துக்கும் நியாயத்துக்கும் புறம்பானது.”

“இன்னொருக்கா வாசிங்க,” என்றார் மகாராணி. மூன்று முறை வாசித்தேன். மூன்றாவது முறை பக்கத்து டீக்கடையில் இருந்தவர்களும் வந்து கேட்டார்கள்.

மறுநாள் அந்தக் கடிதத்தோடு மகிழ்ச்சி மையத்துக்குப் போனோம். பிரதீப் படித்தார். புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சியை மறந்தது.

“இது வேற டிபார்ட்மெண்ட் மேடம்.”

“கம்பெனி ஒண்ணுதான தம்பி?”

“ஒண்ணுதான்...”

“அப்பப் பெரியவுகளக் கூப்பிட்டுக் கேளு. அவுக சொல்றது பொய்யின்னா எனக்குப் பதினெட்டாயிரத்து நானூறு வரணும். மெய்யின்னா நான் பாக்கிதாரி இல்ல. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சம்மதம்.”

பிரதீப் உள்ளறைக்குப் போய் போன் பேசினார். முக்கால் மணி நேரம் கழித்து ‘நிலுவை ஏதும் இல்லை’ என்ற சான்றிதழோடு வந்தார். பாக்கிதாரர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி அனுப்பிய உத்தரவின் நகலும் இருந்தது. கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு பதிவேட்டை நீட்டினார்.

“வாங்கிக்கிட்டதுக்கு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க மேடம்.”

“போடாட்டி வாங்கலைன்னு ஆயிருமா?” என்று கேட்டு, சான்றிதழைச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு மகாராணி படியிறங்கிவிட்டார். பிரதீப் என்னைப் பார்த்தார். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடும்படி அன்போடு கேட்டுக்கொண்டேன்.

கடன் வந்தது. ஐப்பசிக்கு இரண்டு நாள் முன்னால் புதுத் தகரம் ஏறியது. வாளிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போயின.

நிறுவனத்தின் கடிதத்தை என் கடையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். கேட்பவர்களுக்கு நகல் இரண்டு ரூபாய். இதே நிறுவனத்திடம் மாட்டிக்கொண்டவர்கள் தேவாரத்திலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் வருகிறார்கள். மலைமேல் எஸ்டேட்டுகளிலிருந்து ஜீப்பு ஏறி வருகிறார்கள். இதுவரை முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் தங்கள் ஒப்பந்தத்தையும் கொண்டுவருகிறார்கள், நானும் ஆவலோடு பதினோராம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். முன்னூற்றுப் பன்னிரண்டு கட்டமும் காலி. நிறுவனம் எங்கள் வட்டாரத்தில் செய்த இவ்வளவு பெரிய வியாபாரத்தில், யாரோ ஒருவர் முறைப்படி கையெழுத்துப் போட்டிருக்கும் தாள் ஒன்றே ஒன்றுதான் என் கண்ணில் பட்டிருக்கிறது. இதெல்லாம் செல்லாது என்று நிறுவனமே எழுதிக் கொடுத்த தாள் அது.