அவர் நம்பருக்கு வரும் ஓடிபி

மதிப்பிற்குரிய பெரிய மாமா கோவிந்தப்பா அவர்களுக்கு,

பொம்மனஹள்ளியிலிருந்து உங்கள் தம்பி உத்தமனின் வீட்டுக்காரி சாந்தகுமாரி வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் வள்ளியம்மா அக்காவின் முட்டி வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தினமும் காலையில் என் கை பட்டு உங்களுக்குப் போன் வந்துவிடுகிறது, மன்னிக்கவும். இங்கே நான் மாத்திரை போடுகிறேன், தூங்குகிறேன். இதெல்லாம் உங்களுக்கு ஏற்கனவே தெரியும். எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் கடையில் ஸ்பீக்கரில் போடுவீர்கள்.

அவர் போய் மூன்றாம் மாசம், தூக்கமே இல்லாமல் மனநல டாக்டர் ஸ்ரீவித்யாவிடம் போனேன் அல்லவா, அங்கே என் சீட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு கார்டு கொடுத்தார்கள், இனி எந்த டாக்டர் என் ஃபைலைத் திறந்தாலும் உங்கள் போனுக்கு ஓடிபி வரும், நீங்கள் சொன்னால்தான் திறக்கும் என்றார்கள். எனக்குப் பிடித்துப்போனது. என்னைக் கேட்டுவிட்டுச் செய்கிற காரியம் என்று வேறு எதுவும் எனக்கு நினைவில்லை. நம்பர் கேட்டார்கள். எனக்கு மனப்பாடம் அவர் நம்பர் ஒன்றுதான், என் நம்பருக்கு நானே எதற்குப் போன் போடப் போகிறேன், அதையே சொல்லிவிட்டேன். பதினாறாம் நாளே “தம்பி ஞாபகமா என்கிட்ட இருக்கட்டும்மா” என்று நீங்கள் அந்தப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனது அப்போது தோன்றவே இல்லை.

கண்ணாடிக்காகக் கண் டாக்டரிடம் போனேன். ஓடிபி வரும் என்று என் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கவுன்டர் பெண் கார்டில் இருந்த நம்பருக்கு அடித்தாள், நீங்கள் எடுத்து ஆறு எண்ணையும் உங்கள் கடை இருக்கும் நீலசந்திரா முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தீர்கள். டாக்டர் ஃபைலைப் படித்தார். உடனே எழுத்துப் பலகையை விட்டுவிட்டு, குழந்தையிடம் பேசுகிற மாதிரி, தூக்கம் வருகிறதா என்றார்.

“தூக்கம் வருது டாக்டர். ஊசியிலதான் நூல் கோக்க வரல.”

அதையும் எழுதிக்கொண்டார். பல் டாக்டருக்கும் நீங்கள்தான் திறந்துவிட்டீர்கள். அவர் என் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபைலைப் பார்த்து, மனக்கவலையில் பல் வலிக்கிற மாதிரி இருக்கும் என்று அனுப்பிவிட்டார். மனக்கவலையில் கன்னம் இட்லி மாதிரி வீங்குமா மாமா? நான் வீட்டுக்கு வந்து சேருவதற்குள், உங்கள் கடையில் பங்க்சர் ஒட்ட வந்த முனியப்பன் போன் போட்டு, பல்லு எப்படி தங்கச்சி என்கிறார்.

எல்லாவற்றையும் மூடு என்று நான் சொல்லவில்லை. மாத்திரைப் பெயரை எல்லா டாக்டரும் பார்க்கட்டும், ஊசி போடும்போது தெரிய வேண்டும். ஆனால் ஸ்ரீவித்யா டாக்டரிடம் நான் அழுதுகொண்டு சொன்னது அவருக்கு மட்டும் சொன்னது. அது பல் டாக்டருக்கு எதற்கு? உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

கார்டு கொடுத்த ஆஸ்பத்திரிக்கே நம்பரை மாற்றப் போனேன். மாற்றுவதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வருமாம். அங்கே கவுன்டரில் இருந்த பெண் தலையே நிமிராமல், “நம்பருக்குச் சொந்தக்காரரைக் கூட்டிட்டு வாங்க” என்றாள்.

“அவரால வர முடிஞ்சிருந்தா நான் மனசு டாக்டர்கிட்டயே வந்திருக்க மாட்டேன்மா” என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தாள்.

ஆகையால் வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கடையைப் பூட்டிவிட்டு, அந்தப் போனோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வாருங்கள். வராவிட்டால் நானே கடைக்கு வந்து, டியூப் முக்கும் தொட்டி பக்கத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன். ஓடிபி வந்ததும் வாயைத் திறக்க வேண்டாம், காட்டினால் போதும். கண்ணாடி வாங்கிவிட்டேன், நானே படிப்பேன். அதோடு அந்தப் போனை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். இதில் மாற்றம் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டு ரூபினி பாப்பா நன்றாகப் படித்துப் பெரிய ஆளாக வரட்டும். கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சாந்தகுமாரி

பி.கு: போன் எனக்கு வேண்டாம் மாமா, திங்கட்கிழமை காரியம் முடிந்ததும் நீங்களே எடுத்துப் போங்கள். தினமும் காலை ஆறு மணிக்கு அவர் நம்பரில் என் கை தவறிப் படவில்லை. அவர் இருந்தவரை நைட் ஷிப்ட் முடிந்து கிளம்பும் நேரம் அது, நான் போட்டால் எடுப்பார். ஃபைலில் எழுதியிருப்பது அதுதான். யாரும் திறக்கவில்லை, நானாகச் சொல்கிறேன். சார்ஜ் மட்டும் போட்டு வையுங்கள். ஆறு மணிக்கு அடித்தால் எடுக்காதீர்கள், முழு ரிங்கும் போகட்டும்.